உன் அப்பா எந்த ஊர்க் கணக்கு

கார்வர், நெப்ராஸ்கா
1980 நவம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் மார்வாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நன்றாக இருக்கிறேன், இடது முழங்காலைச் சேர்க்காமல் சொல்கிறேன், அது எப்போதும் தனிக்கட்சி. கூரை ஒழுகவில்லை, பூனைகள் மூன்றும் என்னைவிடக் கொழுத்துத் திரிகின்றன. நீ அங்கே ஆஸ்திரேலியாவில் சுகமா என்று கேட்பது முறை, கேட்டுவிட்டேன். ஆகஸ்டுக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லாததால் பதிலையும் நானே சொல்லிக்கொள்கிறேன், சுகமாகத்தான் இருப்பாய். அங்கே இப்போது கோடை தொடங்கியிருக்கும், தொப்பி இல்லாமல் பள்ளிக்கூட மைதானத்தில் நிற்காதே, உனக்கு உன் அப்பாவின் தோல், பத்து நிமிஷத்தில் தக்காளி ஆகிவிடுவாய்.

உன் ஆகஸ்டு மாதக் கடிதம் நாலே வரி. அதை ரொட்டி டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன், தினமும் ரொட்டி எடுக்கும்போது அது கையில் தட்டுகிறது. ஆல்வின் பெரியப்பாவின் மருமகள் ஷெரில் உனக்கு எழுதினாளாம், உன் அப்பா சாவதற்கு முன்னால் என்னோடு சண்டை போட்டுக்கொண்டு டெல்மாவில் அண்ணன் வீட்டில் போய் இருந்தார் என்று. அதைக் கேட்டுவிட்டு நீ ஒரே கேள்வி எழுதியிருந்தாய், அப்பா உன்னை விட்டுவிட்டுப் போனாரா என்று. நான் ஏன் பதில் போடவில்லை தெரியுமா, எனக்கே தெரியாது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள், தெரியாத கேள்விக்குப் பதில் எழுதிப் பழக்கமில்லை. போன புதன்கிழமைதான் எனக்குத் தெரிந்தது, அதுவும் கோர்ட்டு மாடியில், நூற்றைம்பது பேருக்கு முன்னால், அதில் பாதிப் பேர் டெல்மாக்காரர்கள். அதனால் இது நீளமாகப் போகும். ஒரு காப்பி கலந்து வைத்துக்கொண்டு உட்கார்.

சண்டை நடந்தது உண்மை. அதை மறைத்து உனக்கு ஏப்ரலில் போன் பண்ணினதும் உண்மை. ஒன்பதாயிரம் மைல் தள்ளி இருப்பவள், அடக்கத்துக்கும் வந்துசேர முடியாதவள், உன்னிடம் போய் இதை வேறு சொல்வானேன் என்று விட்டுவிட்டேன். சண்டைக்குக் காரணம் என்ன என்று கேட்டால் நீ சிரிப்பாய், சிரி, நானும் இப்போது சிரிக்கிறேன். தொண்ணூறு வருஷத்துக்கு முன்னால் உன் கொள்ளுத்தாத்தா குடித்திருந்தாரா இல்லையா என்பதுதான் காரணம்.

நம் மாவட்டத்துக்கு இந்த வருஷம் நூறு வயது அல்லவா, அதற்கு ஒரு வரலாற்றுப் புத்தகம் போடுகிறார்கள். நூலகத்து ஈனிட் டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு பிப்ரவரியில் என் சமையலறைக்கு வந்து, மாவட்டத் தலைநகர் டெல்மாவிலிருந்து கார்வருக்கு எப்படி வந்தது, உன் தாத்தா சொன்னதைச் சொல்லு என்றாள். நானும் பெருமையாகச் சொன்னேன். கார்வர்க்காரர்கள் டெல்மா ஊரையே பேஸ்பால் ஆட்டத்துக்குக் கூப்பிட்டது, முழு மாட்டைச் சுட்டு விருந்து வைத்தது, டெல்மாவில் குஞ்சு குழந்தை வரை எல்லாரும் இங்கே வந்து எலும்பைக் கடித்துக்கொண்டிருந்த மத்தியானத்தில் என் தாத்தா நீல்ஸும் இன்னும் ஆறு பேரும் இரண்டு வண்டி கட்டிக்கொண்டு அங்கே போய் நிலப் பத்திரப் புத்தகங்கள் அத்தனையையும் ஏற்றிக்கொண்டு வந்தது. புத்தகம் எங்கேயோ கோர்ட்டு அங்கே, கோர்ட்டு எங்கேயோ தலைநகர் அங்கே. காவலுக்கு டெல்மாக்காரர்கள் விட்டுவிட்டுப் போன ஒரே ஆள் உன் அப்பாவின் தாத்தா வாட்ஸ்லாவ். அவர் பத்திரப் பெட்டியின் மேலே குறுக்கே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பினால் துப்பாக்கி எடுப்பார் என்று பயந்து என் தாத்தா பெட்டியோடு அவரையும் சேர்த்துத் தூக்கி வண்டியில் வைத்தார். பன்னிரண்டு மைல் குலுங்கி வந்தும் எழுந்திருக்கவில்லை. கார்வரில் இறக்கிய பிறகுதான் கண்ணைத் திறந்து, ஆட்டத்தில் யார் ஜெயித்தது என்று கேட்டாராம். அதிலும் நாம்தான். இதைச் சொல்லும்போது அவர் குடித்துவிட்டுத் தூங்கினார் என்று சொன்னேன், எங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்லுவோம்.

மார்ச்சு இருபத்து நாலாம் தேதி ஈனிட் அச்சுப் படியைக் கொண்டுவந்து கொடுத்தாள். உன் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். படித்து முடித்து மடித்து மேஜையில் வைத்தார். “எங்க தாத்தா குடிக்கலை. ரெண்டு ராத்திரியா கன்னு போடற பசுகிட்ட முழிச்சிருந்தாரு. முப்பத்தெட்டு வருஷமா சொல்றேன்” என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். “உங்க ஊர்ல பசு கன்னு போட்டா வாயில விஸ்கி வாசனை வருமோ” என்றேன். அவர் மாடிக்குப் போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு பிக்கப் வண்டியில் ஏறிப் போய்விட்டார். எங்கே போவார், பிறந்த ஊருக்குத்தான். எனக்குக் கல்யாணத்தில் கிடைத்த ஒரே டெல்மாக்காரர், அவரும் திரும்பிப் போய்விட்டார் என்று அன்றைக்கு மாவு பிசையும்போது பூனையிடம் சொல்லிச் சிரித்தேன். மறுநாள் அவ்வளவு சிரிப்பு வரவில்லை. ஒரு வாரம் கழித்து, முப்பத்தோராம் தேதி, ஈனிட் வீட்டுக்குப் போய், குடித்துவிட்டு என்ற வார்த்தையை அடித்துவிட்டுக் களைத்துப்போய் என்று போடச் சொன்னேன். அதை உன் அப்பாவிடம் சொல்லவில்லை. அவரே வந்து கேட்கட்டும், அப்போது சொல்லலாம், கேட்கும்போது அவர் முகம் போகும் போக்கைப் பார்க்கலாம் என்று வைத்திருந்தேன். ஏப்ரல் இரண்டாம் தேதி மத்தியானம் சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக வந்து தொப்பியை மாட்டினார், உன் பெரியம்மா சமையலைச் சொல்லி, “ஐடா போடற மாவுருண்டையை நாய்க்கு வீசினா நாய் திருப்பி வீசும்” என்றார், உட்கார்ந்து சாப்பிட்டார். அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. ஈஸ்டருக்கு முந்தின நாள், ஐந்தாம் தேதி, கோழிக் கொட்டகைக்குப் போகிற வழியில் விழுந்துவிட்டார். புத்தகம் ஜூனில் வந்தது, நாற்பத்தோராம் பக்கம், களைத்துப்போய் என்று சரியாகத்தான் போட்டிருக்கிறாள்.

இனி தலைக்கணக்குக்கு வருகிறேன். பத்து வருஷத்துக்கு ஒரு தடவை அரசாங்கம் எடுக்கிற மக்கள் கணக்கு இந்த வருஷம்தான். ஏப்ரல் ஒன்றாம் தேதி யார் எந்த வீட்டில் வசிக்கிறார்களோ அந்த ஊரில் எழுத வேண்டும், இரண்டாம் தேதி பிறந்தால் கணக்கில் இல்லை, இரண்டாம் தேதி செத்தால் கணக்கில் உண்டு. மற்ற ஊர்களில் இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள், நம் மாவட்டத்தில்தான் இது கத்திக்குத்து. பத்திரப் புத்தகம் திருடின பிறகு இரண்டு ஊரும் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு நின்றபோது ஒரு நீதிபதி வந்து உட்காரவைத்து எழுதி வாங்கின தாள் கோர்ட்டில் சட்டம் போட்டு மாட்டியிருக்குமே, நீ சின்னப் பிள்ளையில் அதன் கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத்துவாய், அதில் இருப்பது இதுதான். ஒவ்வொரு கணக்குக்குப் பிறகும் எந்த ஊரில் தலை அதிகமோ அந்த ஊருக்குத் தலைநகர். எழுபது வருஷம் அதை யாரும் படிக்கவில்லை, படிக்க அவசியம் இல்லை. என் அம்மா பிறந்தபோது கார்வரில் ஆயிரத்து நூறு பேர், நான் கல்யாணம் கட்டினபோது எண்ணூறு, நீ பள்ளிக்கூடம் போனபோது ஐந்நூற்றுச் சொச்சம். ரயில் போச்சு, வெண்ணெய் ஆலை போச்சு, நீ போனாய், மற்ற பிள்ளைகளும் போனார்கள். டெல்மாவுக்கும் இதே கதிதான், ஆனால் அவர்கள் முதியோர் விடுதி கட்டினார்கள். நம் ஊரில் யாருக்கு இடுப்பு ஒடிந்தாலும் அங்கேதான் கொண்டுபோய்ப் படுக்க வைக்கிறோம், படுத்ததும் அவர்கள் டெல்மாக் கணக்கு. நம் கிழவிகளை வைத்தே நம்மை எண்ணிக்கையில் பிடித்துவிட்டார்கள். இதைத் தெரிந்துகொண்டு நம் மேயர் டுவைட், அதுதான் டயர் கடைக்காரத் தம்பி, ஏப்ரல் ஒன்றாம் தேதி கார்வரில் முதியோருக்கு இலவச அப்பம் என்று போர்டு மாட்டினார். இருபது பேர் வந்து தின்றுவிட்டு மூன்று மணிக்கெல்லாம் டெல்மா பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்கள். டெல்மாவிலோ அந்த இளம் பாதிரியார் மனைவிக்கு இரண்டாம் தேதி காலையில் பிரசவம் ஆனது. அந்த ஊர்ப் பெண்கள் குழந்தையைப் பார்க்கப் போய், ஒரு ராத்திரி முன்னாடி முக்கியிருக்கக் கூடாதா என்று அவளையே கேட்டார்களாம்.

அந்தப் படிவத்தை நான் ஒன்றாம் தேதி காலையில் நிரப்பினேன். உன் அப்பா போய் எட்டு நாள் ஆகியிருந்தது, ஒரு போன் இல்லை. வீட்டில் வசிப்போர், ஒன்றாம் நபர், இரண்டாம் நபர் என்று கட்டம் கட்டமாக இருந்தது. ஒன்றாம் நபருக்கு ஆர்லன் ஜெலென்கா என்று எழுதினேன், பேனா தாளைக் கிழிக்கிற மாதிரி அழுத்தி எழுதினேன், இரண்டாவதாக என்னை எழுதினேன், அஞ்சலில் போட்டுவிட்டேன். அதே நாள் டெல்மாவில் ஐடா பெரியம்மாவும் நிரப்பியிருக்கிறாள். அவளைத்தான் உனக்குத் தெரியுமே, சர்ச்சில் காணிக்கைத் தட்டு வரும்போதுகூட அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டுத்தான் போடுவாள். அவளும் உன் அப்பாவை எழுதிவிட்டாள். செப்டம்பரில் அரசாங்கத்திலிருந்து கடிதம் வந்தது, ஒரே ஆள் இரண்டு ஊரில் இருக்கிறார், எந்த ஊர் என்று நீங்களே விசாரித்துக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள் என்று. அவரை எடுத்துவிட்டால் கார்வர் முந்நூற்று நாற்பது, டெல்மாவும் முந்நூற்று நாற்பது. புரிகிறதா. உயிரோடு இருந்தபோது தெரு விளக்குக் கமிட்டிக்குக்கூடக் கூப்பிடாத மனுஷனுக்காக இரண்டு ஊரும் அடித்துக்கொண்டன. டெல்மாவில் அவர் சின்ன வயதுப் படத்தை நாவிதர் கடைக் கண்ணாடியில் ஒட்டி, நம்ம பிள்ளை என்று எழுதியிருந்தார்கள். அவர் பார்த்திருந்தால் அந்தக் கடையில் ஓசியில் முடி வெட்டிக்கொண்டு வந்திருப்பார்.

விசாரணைக்கு இரண்டு நாள் முன்னால் டுவைட் ஒரு பூசணி கேக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார். “வெல்டா அக்கா, சண்டை கிண்டைன்னு வாயைத் திறந்துடாதீங்க. ஆட்டுக்குட்டி போடற சீசன், அண்ணனுக்கு ஒத்தாசைக்குப் போனாருன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்” என்றார். “ஆல்வின் கிட்ட ஆடே கிடையாதுப்பா” என்றேன். “கோழி?” என்றார். “கோழிக்கு என்ன ஒத்தாசை, அது தானா முட்டை போடும்” என்றேன். “சரி, போன் ஏன் பண்ணலைன்னு கேட்டா, மழையில கம்பி அறுந்துபோச்சுன்னு சொல்லிடுங்க. ஊரே உங்க கையில இருக்கு அக்கா. கோர்ட்டு போச்சுன்னா பதினேழு பேருக்கு வேலை போகும், அப்புறம் காப்பிக் கடை போகும், என் டயர் கடை போகும்” என்றார். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் மார்வா, உன்னிடம் ஒளிக்காமல் சொல்கிறேன், ஊர் என் கவலையாக இல்லை. அந்த மாடியில் ஆல்வின் வாயைத் திறந்து என்ன சொல்வார் என்பதுதான் என் கவலை. உன் அப்பா அங்கே ஒன்பது நாள் யாரிடம் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அவர் திரும்பி வந்ததே ஐடாவின் மாவுருண்டைக்குப் பயந்துதான் என்றுதான் நான் ஏழு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் போனது போனதுதானா, வயிறுதான் திரும்பி வந்ததா என்று யோசித்தால் தூக்கம் போய்விடும்.

புதன்கிழமை நீல ஆடையைப் போட்டுக்கொண்டு போனேன், அடக்கத்துக்குப் போட்டதே. மாவட்டப் போர்டில் மூன்று பேர், ஒருவர் நம் ஊர், ஒருவர் டெல்மா, மூன்றாவது வடக்கே பண்ணை வைத்திருக்கும் ஓரின் டெஸ்டால், இரண்டு ஊரிலும் மாடு விற்பவர், அதனால் இரண்டு ஊரையும் நம்பாதவர். டெல்மாவுக்கு ஒரு வக்கீல், விஸ்னர் என்று பெயர், மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை. பைபிள் மேல் கை வைக்கச் சொன்னார்கள், வைத்தேன். கணவர் கோபித்துக்கொண்டு போனாரா என்று வக்கீல் கேட்டார். பின்னால் டுவைட் இருமுகிற சத்தம் கேட்டது. “ஆமா, கோவிச்சுக்கிட்டுத்தான் போனாரு” என்றேன். எத்தனை நாள் பேசவில்லை என்றார். ஒன்பது நாள் என்றேன். ஒரு போன்கூடவா இல்லை என்றார். “மழையில கம்பி அறுந்துபோச்சுன்னு சொல்லச் சொன்னாங்க தம்பி. கம்பி நல்லாத்தான் இருந்தது. அவரும் போடலை, நானும் போடலை” என்றேன். டெல்மாப் பக்கம் சிரிப்பு தாங்கவில்லை, நம் பக்கம் ஒருத்தர் முகத்திலும் ஈ ஆடவில்லை, டுவைட் கீழே குனிந்து ஷூ கயிறு கட்ட ஆரம்பித்துவிட்டார். அப்படியென்றால் அவர் உங்களோடு வசிக்கவில்லை என்றுதானே அர்த்தம் என்றார் வக்கீல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “தம்பி, உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா” என்றேன். இல்லை என்றார். “அதான். மனுஷன் கூட இருக்கிறவ மேலதான் கோவிச்சுக்குவான். டெல்மாவுல யார் மேலயும் அவருக்குக் கோவமே இல்லையே, அப்ப அவர் உங்க ஊர்க்காரர்னு எப்படிச் சொல்றீங்க” என்றேன். இந்தத் தடவை நம் பக்கம் சிரித்தது. சொல்லிவிட்டு உட்கார்ந்தேனே தவிர, சொன்னது எனக்கே நிச்சயமில்லை.

அடுத்து ஆல்வின் பெரியப்பா. எழுபத்திரண்டு வயது, ஒரு காது அடைப்பு, டெல்மாக்காரர்கள் வெள்ளைச் சட்டை போட்டு மாப்பிள்ளை மாதிரி கொண்டுவந்திருந்தார்கள். தம்பி பெயரைப் படிவத்தில் ஏன் எழுதினீர்கள் என்று வக்கீல் கேட்டார். ஆல்வின் என்னைப் பார்க்காமலே சொன்னார், “ஐடா பேனாவை எடுத்துக்கிட்டு உக்காந்தா. இன்னிக்கி வீட்டுல யார் யாருன்னு கேட்டிருக்கான், உங்களை என்ன பண்ணட்டும்னு ஆர்லனைக் கேட்டா. எழுதிக்கோ ஐடா, கவர்ன்மென்ட்டே அச்சடிச்சு வெல்டா கையில குடுக்கட்டும், நான் எங்க இருக்கேன்னு அவ படிச்சுத் தெரிஞ்சுக்கட்டும்னான்.” உன் அப்பா குரல் மாதிரியே இருந்தது மார்வா. அப்படித்தான் பேசுவார். டெல்மாக்காரர்கள் கை தட்டினார்கள். நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். நீ ஆகஸ்டில் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது, இதைத்தான் உனக்கு எழுத வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். கடிதத்தை எப்படித் தொடங்குவது என்றுகூட மனசுக்குள் ஓட ஆரம்பித்துவிட்டது.

அப்போதுதான் அதுவரை பல் குத்திக்கொண்டிருந்த ஓரின் டெஸ்டால் வாயைத் திறந்தார். “ஆல்வின், பெட்டியை எங்க வெச்சான்?” என்றார். ஆல்வின் காது கேட்காத மாதிரி இருந்தார். ஓரின் நல்ல காதுப் பக்கம் வந்து நின்று மறுபடி கேட்டார். “வண்டியில” என்றார் ஆல்வின். “ஒன்பது நாளுமா?” “ஒன்பது நாளும்.” “சட்டை மாத்தறதுக்கு?” “காலையில உள்ளாடையோட வெளிய போய் வண்டியில இருந்து எடுத்துக்கிட்டு வருவான். கட்டில் இருக்குடா, அலமாரி இருக்குடான்னேன். உள்ள கொண்டுவந்தா தங்கிட்டேன்னு ஆயிடும்னான்.” டெல்மாப் பக்கமிருந்தே ஒரு பெண் சத்தமாக, “ஆமாம், நாங்க தெருவே பார்த்தோமே அந்தக் காட்சியை” என்றாள், பக்கத்தில் இருந்தவர் அவள் வாயைப் பொத்தினார். வக்கீல் எழுந்து, வண்டியில்தான் குடியிருந்தார் என்று வைத்துக்கொண்டாலும் வண்டி நின்றது டெல்மாவில்தானே என்றார். கெட்டிக்காரப் பிள்ளைதான், கல்யாணம் ஆனால் சரியாகிவிடும். ஓரின் அவரைத் திரும்பியே பார்க்கவில்லை. “வண்டி எப்படி நின்னுது?” என்றார். எப்படி என்றால், என்றார் ஆல்வின். “மூக்கு எந்தப் பக்கம்?”

ஆல்வின் தரையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், ஊர்க்காரர்களைப் பார்த்தார். அவர் பாடும் கஷ்டம்தான், நாளைக்கு அந்த ஊரில்தானே காப்பி குடிக்க வேண்டும். கடைசியில் ஐடாவே எழுந்துவிட்டாள், அவளை யாரும் சாட்சிக்குக் கூப்பிடவில்லை. “சொல்லித் தொலைங்களேன். கார்வர் பக்கம். கடைக்குப் போயிட்டு வந்தாக்கூடப் பின்பக்கமா ஏத்தித்தான் நிறுத்துவாரு, என் துலிப் பாத்தியை மூணு தடவை நசுக்கினாரு. எழுதிக்கோன்னு சொன்னாரு, எழுதினேன், நான் கேட்டதுக்கு அவர் சொன்ன பதிலைத்தான் எழுதினேன். வசிக்கிறீங்களான்னு நான் கேட்கலை, அது என் தப்பு” என்றாள். பிறகு ஆல்வின் மெதுவாகச் சொன்னார், இந்தத் தடவை என்னைப் பார்த்துத்தான் சொன்னார். “ஏன்டா பூவை நசுக்கறே, நேரா விட்டு நிறுத்தினா என்னன்னு கேட்டேன் வெல்டா. அவ கூப்பிட்டா வண்டியைத் திருப்பறதுக்கு ஒரு நிமிஷம் வீணாப் போகும்னான்.”

யாரும் கை தட்டவில்லை. நான் அழவில்லை, அழுதேன் என்று ஷெரில் எழுதினால் நம்பாதே, மூக்கு ஒழுகியது, நவம்பரில் எல்லாருக்கும் ஒழுகும். கைக்குட்டை கொடுத்தது டெல்மாக்காரி ஒருத்தி, துவைத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். ஓரின், சரி, கையைத் தூக்குங்க என்றார். மூன்று கையும் மேலே போயின, டெல்மா மெம்பர் கை கடைசியாக, பாதி வரைக்கும். கார்வர் முந்நூற்று நாற்பத்தொன்று, டெல்மா முந்நூற்று நாற்பது. டுவைட் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, “அக்கா, கம்பி விஷயத்துல என் மானத்தை வாங்கிட்டீங்க, ஆனா கோர்ட்டைக் காப்பாத்திட்டீங்க” என்றார். காப்பாற்றியது உன் அப்பா, அதுவும் ஒரு டெல்மாக்காரர். இதை நினைத்து அந்த ஊரில் யாருக்கும் இந்த வாரம் தூக்கம் இருக்காது. ஆல்வினோடும் ஐடாவோடும் அங்கே யாரும் பேசுவதில்லையாம், நாவிதர்கூட முகம் கொடுக்கவில்லையாம். இன்றைக்கு மத்தியானம் இரண்டு பேரையும் இங்கே சாப்பிடக் கூப்பிட்டேன். மாவுருண்டை செய்தேன். ஐடா ஒன்றை எடுத்து அமுக்கிப் பார்த்துவிட்டு, என்னுடையதும் இப்படித்தானே இருக்கும் என்றாள், நான் ஆமாம் என்றேன். பைபிள் பக்கத்தில் இல்லை. அவளுக்குத் துலிப் கிழங்கு இரண்டு டஜன் வாங்கிக் கொடுத்தனுப்பியிருக்கிறேன், இந்த வாரம் தரை உறைவதற்குள் நட்டுவிடச் சொன்னேன்.

வியாழக்கிழமை கோர்ட்டு எழுத்தர் பெண் லாவோன் திருத்தின படிவத்தைக் கொண்டுவந்தாள், கையெழுத்துப் போடுவதற்கு. கல்யாணமானவரா, விதவையா என்று ஒரு கட்டம் இருந்தது. நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். “ஏப்ரல் ஒண்ணாந்தேதி நிலவரம்தாம்மா கேக்கறாங்க” என்றாள் அந்தப் பெண். கல்யாணமானவர் என்ற கட்டத்தில் குறி போட்டேன். ஆகவே அரசாங்கம் தொண்ணூறாம் வருஷம் மறுபடி கதவைத் தட்டுகிற வரைக்கும் நான் கல்யாணமானவள், உன் அப்பா இந்த வீட்டில் வசிப்பவர்.

இனி உன் கேள்விக்குப் பதில். இல்லை மார்வா, அவர் என்னை விட்டுவிட்டுப் போகவில்லை. கூப்பிடுவேன் என்று வண்டியை ரெடியாக நிறுத்தி வைத்துக்கொண்டு ஒன்பது நாள் உட்கார்ந்திருந்தார். நான்தான் கூப்பிடவில்லை. போன் சமையலறைச் சுவரில்தான் இருந்தது, கைக்கு எட்டுகிற தூரம். யார் முதலில் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன், ஆகஸ்டிலிருந்து உன்னோடும் அதையேதான் செய்துகொண்டிருக்கிறேன். உனக்குக் கெட்டிப் பிடிவாதம், அது எங்கிருந்து வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால் இந்தத் தடவை நான் முந்திக்கொள்கிறேன். டிசம்பர் ஏழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு உனக்கு போன் போடுவேன். லாவோன் கணக்குப் பார்த்துச் சொன்னாள், உனக்கு அப்போது திங்கட்கிழமை காலை ஏழு மணி. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிற அவசரத்தில் இருப்பாய். நீ ஒன்றும் பேச வேண்டாம். எடுத்தால் போதும்.

ஆண்டவர் உன் தலைமாட்டில் இருக்கட்டும், நல்லபடியாகச் சாப்பிடு, நன்றாகத் தூங்கு. ஏழாம் தேதி இரண்டு மணி, மறந்துவிடாதே.

இப்படிக்கு,
கார்வரில் இரண்டாம் நபராக வசிக்கும் உன் அம்மா,
வெல்டா ஜெலென்கா